டிரம்பெட்டுக்குத் தேங்காய் எண்ணெய்

என் சம்பந்தி டிரம்பெட்டை எடுத்து உதட்டில் வைத்தார். கோயில் வாசலில் பேச்சு நின்றது.

கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கிறது எங்கள் குலதெய்வக் கோயில். தை மாதம். விடிந்தும் விடியாத நேரம். வேப்ப இலைகளிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. என் பேரன் கவின், புது மொட்டையில் சந்தனம் பூசிக்கொண்டு தன் தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருந்தான். ஆசாரி கையிலிருந்த தங்க ஊசியை ஆசையோடு பார்த்தான். அது தன் காதுக்குத்தான் வரப்போகிறது என்று அவனுக்குத் தெரியாது.

ஏற்பாடு இதுதான்: அவன் அம்மாவைப் பெற்ற தாத்தாவான என் சம்பந்தி ஒரு மங்கலப் பாட்டை ஊதுவார். பிள்ளை வாயைப் பிளந்து அதைப் பார்க்கும். அந்த நேரத்தில் ஆசாரி குத்திவிடுவார்.

முதல் சுரம் நன்றாகத்தான் வந்தது. இரண்டாவதற்கு, மேலே இருக்கும் மூன்று வால்வுகளில் ஒன்றை விரலால் அமுக்கினார். அமுங்கியது. விரலை எடுத்தார். அது எழவில்லை. அடுத்ததை அமுக்கினார். அதுவும் கீழேயே உட்கார்ந்துகொண்டது. மங்கலப் பாட்டாகக் கிளம்பியது, மேட்டில் ஏறும் லாரியின் ஹாரனாகி, பிறகு எருமைக் கன்றின் குரலாகி நின்றது.

கவின் கைதட்டிச் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் மெதுவாகக் கேட்டது: “பல்லுக் கட்டுனதுக்குப் பொறவு எங்கீங்க ஊத வரும்? பாவம், மனுசன் முடிஞ்சுதுங்க.”

சம்பந்திக்கும் அது கேட்டிருக்க வேண்டும். டிரம்பெட்டைக் கீழே இறக்கினார். நாக்கால் முன்பற்களைத் தடவிக்கொண்டார். “ஆமாங்க. இந்தப் பல்லு ஒத்து வல்லீங்க. இனி நம்மளக் கூப்புடாதீங்க,” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் பெட்டியை மூடப் போனார்.

அங்கிருந்த அத்தனை பேரிலும் உண்மையான காரணம் தெரிந்தவன் நான். காரணமே நான்தான்.

இந்தத் தொடரில் இதுவரை என் நல்ல பக்கங்களைத்தான் அதிகம் எழுதியிருக்கிறேன் என்று சூரமங்கலத்து நண்பர் ஒருவர் குறைப்பட்டார். இந்த வாரம் அவர் குறை தீரும்.

முறுக்கில் போன பல்

சம்பந்தி மோகனூர்க்காரர். அங்கே சர்க்கரை ஆலையில் எலக்ட்ரீசியனாக இருந்து ஓய்வு பெற்றவர். இளவயதில் நண்பர்களோடு சேர்ந்து ஒரு பேண்டு செட்டில் டிரம்பெட் கற்றுக்கொண்டார். அதன்பிறகு அவர் உறவில் அவர் ஊதாமல் ஒரு தாலியும் ஏறியதில்லை, ஒரு மொய்யும் எழுதப்பட்டதில்லை. பெண் கொடுக்க வந்தபோதே, “நமக்குச் சொத்துன்னு பெருசா ஒண்ணும் இல்லீங்க. சத்தம் இருக்குதுங்க,” என்றார். நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தேன்.

அவருடைய முன்பல் போனது எங்கள் வீட்டில். மருமகள் தீபாவின் வளைகாப்பு அன்று என் மனைவி சரோஜா சுட்ட முறுக்கைக் கடித்தார். ‘கடக்’ என்று ஒரு சத்தம். முறுக்கு உடையவில்லை.

நல்ல மனிதர். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, “முறுக்கு அருமைங்க சம்பந்தியம்மா,” என்று சொல்லிவிட்டுத்தான் வாசலுக்கே போனார்.

முன்பல் இல்லாமல் டிரம்பெட் ஊத முடியாது. வாய் வைக்கும் மவுத்பீசை உதடு தாங்குகிறது. உதட்டைப் பல் தாங்குகிறது. கவின் பிறந்தபோதுகூட அவர் ஊதவில்லை. பிறகுதான் எங்கள் ஊரான சேலத்தில் ஒரு பல் மருத்துவர், பழைய பற்கள் இரண்டைச் சேர்த்துப் பிடித்து நிலையான பல் கட்டித் தருகிறேன் என்றார். பல முறை வர வேண்டும். மோகனூரிலிருந்து ஒவ்வொரு முறையும் எதற்கு அலைய வேண்டும்?

“நம்ம ஊடு இருக்கறப்போ வேறெங்க தங்குவீங்க?” என்றேன். பல்லை உடைத்த வீட்டுக்காரன் அதைத் தவிர வேறென்ன சொல்ல முடியும்?

அவர் துணிப்பையோடு வந்தார். கூடவே கறுப்புப் பெட்டி ஒன்றும் வந்தது.

விடியற்காலைக் கச்சேரி

புதுப் பல் கட்டியதும் மருத்துவர், மெல்ல மெல்லப் பழகுங்கள் என்றிருக்கிறார். சம்பந்தி அதை விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பழகினார்.

முதல் வாரம் வெறும் காற்றுதான் வந்தது. பஞ்சரான டயரைப் போல. இரண்டாவது வாரம் சத்தம் வந்தது. பக்கத்து வீட்டு ரயில்வேக்காரர் ஒருநாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு விசாரித்தார்: “சார், ஜங்ஷனை இந்தப் பக்கம் தள்ளி வெச்சுட்டாங்களா?”

சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நம் பக்கத்தில் சம்பந்தியிடம் குறை சொல்வது என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள். எங்கள் பேச்சு இப்படித்தான் இருக்கும்:

“தூக்கத்தக் கெடுக்கறனுங்களா சம்பந்தி?”

“அய்யோ, நான் நாலு மணிக்கே எந்திருச்சர்றவனுங்க.”

“அப்போ நாளைலருந்து இன்னுங் கொஞ்சம் வெள்ளனவே ஆரம்பிச்சறட்டுங்களா?”

“பேஷாச் செய்யுங்க.”

தூக்கம் கெட்டது உண்மை. ஆனால் என்னைத் தின்றது அது இல்லை. கவின்தான்.

அதுவரை காலையில் கண் விழித்ததும் அவன் என்னிடம்தான் வருவான். என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்குவான். டிரம்பெட் வந்த பிறகு, முதல் சத்தம் கேட்டதுமே என் மடியிலிருந்து வழுக்கி இறங்கித் தவழ்ந்து போய்விடுவான். டிரம்பெட்டின் அகன்ற வாய்க்குள் கையை விட்டுப் பார்ப்பான். சம்பந்தி, “என்ன சாமி, உள்ள யாரு இருக்கறா?” என்பார். இருவரும் சிரிப்பார்கள். நான் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்று ஒருநாள் சரோஜா சொன்னாள்.

நான் வேதியியல் பேராசிரியராக இருந்தவன். தனிம வரிசை அட்டவணையைச் சொன்னால் எந்தக் குழந்தையும் தவழ்ந்து வராது.

புளி

காது குத்துக்கு முந்தின நாள். சம்பந்தி கடைசிப் பரிசோதனைக்கு மருத்துவரிடம் கிளம்பினார். போகும்போது, “வால்வுக்கு ஊத்தற எண்ணெய் தீந்துபோச்சுங்க. வரும்போது எங்காச்சும் கெடைக்குதான்னு பாக்கோணும்,” என்றார்.

“அதை நான் பாத்துக்கறனுங்க. அப்படியே தொடச்சும் வெச்சர்றேன். நாளைக்குப் பளபளன்னு இருக்கட்டும்,” என்றேன்.

எந்த எண்ணெய் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடும். இன்ன எண்ணெய் என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் பேராசிரியருக்குப் பாடம் எடுத்ததாக ஆகிவிடும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டோம்.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. ஆயிரம் மாணவர்களுக்குச் சொல்லியிருப்பேன். அப்படிச் சொன்ன நான் செய்தது என்னவென்றால், சாமி விளக்குக்குச் செய்வதைத்தான். ஒரு உருண்டைப் புளியை ஊறவைத்தேன். தேங்காய் நாரை எடுத்தேன். தேய்த்தேன்.

விளக்கின் மேல் ஒன்றும் பூசியிருக்காது. டிரம்பெட்டின் மேல் மெல்லிய கண்ணாடிபோல ஒரு பூச்சு இருக்கிறது. நிறம் மங்காமல் காப்பது அதுதான். நார் பட்ட இடத்தில் அந்தப் பூச்சு வெயிலில் உரிந்த தோலைப்போல உரிந்தது. புளி பட்ட இடத்தில் துத்தநாகம் கழன்று செம்பு தலைகாட்டியது. டிரம்பெட்டின் வாயோரம் ஒரு உள்ளங்கை அளவுக்கு இளஞ்சிவப்பாகிவிட்டது, கன்னத்தில் அறைந்ததைப்போல.

சரோஜா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “ஏனுங்க, அது செவந்து போச்சுங்களே?”

“அப்படித்தான் செவக்கும். பொறவு சரியாயிரும்.”

“கொஞ்சம் சோப்பு வெச்சு, வெறும் துணியில தொடச்சாப் போதாதுங்களா?”

“விசயந் தெரியாமப் பேசாதே,” என்றேன். விஷயம் தெரிந்தவள் அவள்தான். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மிருதுவான துணி. அவ்வளவே போதும். இதைப் பின்னால் தெரிந்துகொண்டேன்.

கடுகு

வெளியே ஆயிற்று, உள்ளே? மூன்று வால்வுகளையும் திருகி மொத்தமாக உருவிச் செய்தித்தாள்மேல் போட்டேன். மூன்றும் ஒரே அச்சில் பிறந்த பிள்ளைகளைப்போல இருந்தன. பிறகு குளியலறைக் குழாயில் செடிக்கு நீர் விடும் டியூபை மாட்டி, டிரம்பெட்டின் சின்ன வாயில் சொருகித் திறந்துவிட்டேன்.

வால்வு இருந்த ஓட்டைகள் வழியாகவும் பெரிய வாய் வழியாகவும் முதலில் பச்சைத் தண்ணீர் வந்தது. அப்புறம் ஏதோ சேறு. அப்புறம் ஒரு சின்னக் கறிவேப்பிலைத் துணுக்கு. கடைசியில் ஒரு கடுகு.

சரோஜா அதை விரலில் எடுத்துப் பார்த்தாள். “இது நம்மூட்டுத் தாளிப்பு இல்லீங்க.”

பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே பந்தியில் உட்கார்ந்து எழுந்து, வாய் கொப்பளிக்காமல் ஊதினால் இப்படித்தான் சேரும். எத்தனை கல்யாணத்துச் சட்னி அதற்குள் இருந்ததோ! அந்த ஒரு நிமிடம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். சம்பந்தியிடம் சொல்ல முடியாத ஒரு குறை கையில் கிடைத்துவிட்டது. அதைச் சொல்லாமல் இருப்பது பெருந்தன்மை.

வால்வுகளைத் திரும்பப் போட்டேன். வாயை வைத்து ஊதிப் பார்த்தேன். காற்றே போகவில்லை, காதுதான் அடைத்தது. மாற்றிப் போட்டேன். அப்போதும் போகவில்லை.

“ஏனுங்க, இதுமேல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு போட்டிருக்குதுங்களே,” என்றாள் சரோஜா.

இருந்தது. ஒவ்வொரு வால்வின் ஓட்டையும் அதனதன் குழாய்க்கு நேராக இருக்கும். ஒன்று மவுத்பீஸ் பக்கம், பிறகு இரண்டு, மூன்று. ஒவ்வொன்றாக எடுத்து ஒவ்வொன்றாகப் போடுகிறவர்களுக்கு இந்தக் குழப்பமே வராது.

எண்ணெய்

இனிதான் உண்மையில் சொல்ல வந்தது.

வால்வுக்கு எண்ணெய் விட வேண்டும். சின்னக் குப்பி காலி. கடைக்குப் போகச் சோம்பல். சமையலறை அலமாரியில் தேங்காய் எண்ணெய் இருந்தது. செக்கில் ஆட்டியது, சுத்தமானது. எடுத்து விட்டேன். உச்சி வெயில் நேரம். வால்வுகள் வெண்ணெயில் சறுக்குவதுபோல ஓடின.

மாலையில் சம்பந்தி வந்து ஊதிப் பார்த்தார். சிவந்த இடத்தை விரலால் தடவினார். “புதுசாட்டம் ஆக்கிப்போட்டீங்களே!” என்றார்.

கல்லூரியில் ஒவ்வொரு மார்கழியும் நான் வகுப்புக்கு ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெய் கொண்டுபோவேன். காலை முதல் வகுப்பில் அது வெள்ளையாக உறைந்திருக்கும். மதியம் தண்ணீராக இளகியிருக்கும். உருகுநிலை என்றால் என்ன என்று கரும்பலகையில் எழுதுவதைவிட அந்தப் பாட்டில் நன்றாகச் சொல்லும். மாணவர்கள் எனக்கு வைத்த பட்டப்பெயரே அந்த எண்ணெயை வைத்துத்தான்.

அந்த நான், தை மாதத்தில், விடியற்காலையில், மலையடிவாரத்தில் ஊதப்போகிற கருவிக்குள் தேங்காய் எண்ணெய் விட்டேன்.

கவின் குளித்த தண்ணீர்

மறுபடி கோயில் வாசலுக்கு வருகிறேன்.

சம்பந்தி பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். நான் பேசாமல் இருந்திருக்கலாம். இருந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தது. அவர் உறவு முழுக்க அன்றைக்கு மதியத்துக்குள் செய்தி போய்விடும். இனி ஒரு வீட்டிலும் அவரை ஊதக் கூப்பிடமாட்டார்கள். கூப்பிடாதீர்கள் என்று அவரே சொல்லிவிட்டார். அந்தப் பெட்டி மோகனூரில் ஏதோ பரண்மேல் ஏறிவிடும். என் காலைகள் அமைதியாகிவிடும். கவின் என்னிடம் வந்துவிடுவான்.

அதற்குள் கவின் மாமன் மடியிலிருந்து நழுவித் தவழ்ந்து போய்ப் பெட்டிமேல் கையை வைத்தான். திறக்கச் சொல்லி அடித்தான். சம்பந்தி அவன் கையை மெல்ல எடுத்துவிட்டார். “வேண்டாஞ் சாமி. தாத்தனுக்கு முடியல,” என்றார்.

என்னால் தாங்க முடியவில்லை. “பல்லுல ஒண்ணும் கோளாறு இல்லீங்க!” என்று கத்திவிட்டேன். குலதெய்வமே திரும்பிப் பார்த்திருக்கும். “நான்தானுங்க. வால்வுக்குத் தேங்காய் எண்ணெய் ஊத்திட்டனுங்க. குளுருல ஒறஞ்சு போச்சுங்க. தெரியாம ஊத்திட்டனுங்க.”

ஆசாரிதான் முதலில் கேட்டார்: “நீங்க கெமிஸ்ட்ரி வாத்தியாருதானுங்களே?”

“ஆமாங்க.”

“செரி, செரி,” என்று ஊசியைத் துடைத்து வைத்துக்கொண்டார்.

தீபாதான் வழி சொன்னாள். கவினைக் குளிக்கவைக்கப் போட்ட வெந்நீர் மிச்சம் இருந்தது. “கொதிக்கறதை ஊத்தாதீங்க மாமா. கவினுக்கு விளாவற சூடு போதும்,” என்றாள். குழந்தையின் பிளாஸ்டிக் தொட்டியில் வெதுவெதுப்பாக விளாவினோம். டிரம்பெட்டை அதில் குழந்தையைப்போலவே படுக்கவைத்தோம். குழந்தை ஷாம்பு இரண்டு சொட்டு. சற்று நேரத்தில் தண்ணீரின் மேல் எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்தது.

சம்பந்தி ஒவ்வொரு வால்வாக எடுத்துக் கொடுத்தார். நான் என் பட்டு வேட்டித் தலைப்பில் துடைத்துத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன். ஒன்று உள்ளே போன பிறகுதான் அடுத்தது வெளியே வந்தது. போடுவதற்கு எண்ணெய் இல்லை. “இன்னைக்கு ஒரு நாளைக்கு எச்சலே போதுமுங்க,” என்றார்.

ஊதினார்.

என்ன சொல்ல! கொல்லிமலையில் பட்டுத் திரும்பி வந்தது அந்தச் சத்தம். கோயில் மரத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன. கவின் வாயைப் பிளந்தான். ஆசாரி ஒரு காதில் குத்தினார். கவினுக்கு அது உறைப்பதற்குள் இன்னொரு காதிலும் குத்தினார். அப்புறம்தான் அவன் அழுதான். அவன் அழுகையைவிட உரத்த சத்தத்தில் பாட்டு முடிந்தது. பின்வரிசைக் குரலுக்குச் சொந்தக்காரர் எழுந்து வந்து, அடுத்த மாதம் தன் பேத்தி கல்யாணத்துக்கு வர வேண்டும் என்று சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

மணம்

பந்தியில் என் பக்கத்தில் சம்பந்தி உட்கார்ந்தார். நான் தலை நிமிரவில்லை.

“சம்பந்தி, நீங்க சொல்லியிருக்க வேண்டாமுங்க,” என்றார் மெதுவாக. “பொட்டியத் தொறந்ததுமே தேங்கா மணம் வந்துதுங்க. வால்வு ஒட்டறதுக்கும் பல்லுக்கும் என்னங்க சம்பந்தம்? விரல் வெச்சதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.”

“அப்பறம் ஏனுங்க பழியப் பல்லுமேல போட்டீங்க?”

“நாலு பேரு முன்னால சம்பந்தியூட்டு எண்ணெயக் கொறை சொல்ல முடியுங்களா?”

நான் இலையில் இருந்ததைக் கிளறிக்கொண்டிருந்தேன். அவர் நன்றாகச் சாப்பிட்டார். முடித்ததும் நான் ஒரு செம்புத் தண்ணீரை அவர் முன்னால் நகர்த்தினேன். “வாய் கொப்பளிச்சுட்டு ஊதுங்க. உள்ளருந்து கடுகு வருது,” என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் கட்டிய பல் அத்தனையும் தெரிந்தது. அதுவரை சம்பந்தியிடம் நான் சொன்ன ஒரே குறை அதுதான்.

இப்போது மாதம் ஒருமுறை டிரம்பெட்டைக் குளிப்பாட்டுவது என் வேலை. இளஞ்சூட்டுத் தண்ணீர், குழந்தை ஷாம்பு, வளையும் நீளப் பிரஷ். ஒவ்வொரு வால்வாக. புளி, நார், திருநீறு எதுவும் பக்கத்தில் வராது. கவின் பிரஷ்ஷைப் பிடித்துக்கொள்வான். சிவந்த இடம் அப்படியே இருக்கிறது.

ஒன்று மட்டும் பாக்கி.

கோயில் வாசலில் “தெரியாம ஊத்திட்டனுங்க” என்றேன். அது பொய். அன்று மதியம் எண்ணெயை விட்டபோது என் வகுப்புப் பாட்டில் என் கண்முன் வந்தது. வெள்ளையாக, உறைந்து, தெளிவாகத் தெரிந்தது. ஒரு கணம் கை நின்றது. செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்த காலைகள் நினைவுக்கு வந்தன. கை மறுபடி சாய்ந்தது. அவ்வளவுதான். அதற்கு மேல் எனக்குச் சாக்கு இல்லை. இதை நேரில் சொல்லப் பல முறை வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்தால் வரவில்லை. இந்த வார இதழை முதல் ஆளாக வாங்கிப் படிப்பவர் அவர் என்பதால் இங்கே எழுதுகிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள், சம்பந்தி.

நேற்று தொலைபேசியில் பேசினார். வெள்ளிக்கிழமை டிரம்பெட்டோடு வருகிறாராம். நான் இதை எழுதிக்கொண்டிருப்பதைச் சொல்லவில்லை. தண்ணீர், ஷாம்பு, பிரஷ், துணி எல்லாம் தயாராக இருக்கும் என்றேன்.

“ரொம்ப சந்தோசமுங்க சம்பந்தி,” என்றார். கொஞ்சம் நிறுத்தி, மிக மரியாதையாகச் சேர்த்துக்கொண்டார்: “எண்ணெய் மட்டும் நானே கொண்டாரனுங்க.”